பெங்களூரில் வீட்டு டிரெய்னேஜ் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் தொகைகள் எல்லாம் பெங்களூரில் பொதுவாகக் கேட்கப்படும் தோராயமான தொகைகள். இந்திரா நகரில் ஒரு விலை சொல்வார்கள், அதே வேலைக்கு ராமமூர்த்தி நகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வேறு விலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டால் அதற்குத் தனி விலை. அதனால் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், ரேட் கார்டாக வேண்டாம்.

மொத்தத்தில் எவ்வளவுதான் ஆகும்?

ஐந்நூறு ரூபாயிலும் முடியும், ஒரு லட்சத்தைத் தாண்டியும் போகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அடைப்பு எவ்வளவு பெரியது என்பதில் இல்லை, அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா தெரியாதா என்பதில்தான். இடம் தெரிந்தால் ஒரு ஆள், ஒரு கம்பி, அரை மணி நேரம். தெரியாவிட்டால் டைல்ஸை உடைக்கிறோம், தோண்டுகிறோம், அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் தோண்டுகிறோம், கடைசியில் உடைத்ததையெல்லாம் திரும்பப் போடுவதற்குத்தான் பாதிப் பணம் போகிறது.

யாருக்கும் போன் பண்ணுவதற்கு முன்னால் நான் என்ன பார்க்க வேண்டும்?

சேம்பர்களை, அதாவது வீட்டுச் சாக்கடைப் பைப் போகும் வழியில் மூடி போட்டுக் கட்டியிருக்கும் குழிகளைத் திறந்து பாருங்கள். இது நாற்றமடிக்கிற வேலைதான், ஆனால் இந்தப் பத்து நிமிடம் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். கடப்பாரையை மூடியின் ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினால் போதும். முதலில் கரப்பான் பூச்சிகள் வெளியே ஓடும், அது போகட்டும். உடனே குனிந்து முகத்தை நீட்டாமல் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு நிமிடம் காற்றாட விடுங்கள்.

கேட் பக்கத்தில் இருக்கும் கடைசி சேம்பரில் இருந்து ஆரம்பியுங்கள். அது விளிம்பு வரை நிரம்பி, ரோட்டு மேன்ஹோலும் நிரம்பி வழிகிறது என்றால் பிரச்சினை உங்களுடையது இல்லை. கடைசி சேம்பர் நிரம்பியிருக்கிறது, ஆனால் ரோட்டு மேன்ஹோலில் தண்ணீர் நன்றாக ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. (ரோட்டு மேன்ஹோல் மூடியை நீங்கள் திறக்கவே வேண்டாம், வழிகிறதா என்று வெளியில் இருந்து பார்த்தால் போதும்.) கடைசி சேம்பர் காய்ந்திருக்கிறது, அதற்கு முந்தையது நிரம்பியிருக்கிறது என்றால் அவை இரண்டுக்கும் நடுவில். எல்லா சேம்பரும் சுத்தமாக இருந்து ஒரே ஒரு டாய்லெட்டில் மட்டும் தண்ணீர் நிற்கிறது என்றால் அந்த டாய்லெட்டின் ட்ராப்பிலோ (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு), அதிலிருந்து சேம்பருக்கு வரும் பைப்பிலோதான். இதை வீட்டுக்காரரே பார்த்துச் சொல்லிவிட்டால் பிளம்பர் பேசுகிற தொனியே மாறிவிடும்.

பழைய வீடுகளில், முக்கியமாக அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம், சேம்பர் மேலேயே டைல்ஸ் ஒட்டி மறைத்திருப்பார்கள். டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், அடியில் குழி இருக்கும் இடத்தில் சத்தம் வேறாக வரும்.

ரோட்டு மேன்ஹோல் நிரம்பியிருக்கிறது. அதற்கு நான் காசு கொடுக்கணுமா?

வேண்டாம். தெருவின் பாதாளச் சாக்கடை லைன் வாட்டர் போர்டின் பொறுப்பு. நம் தண்ணீர் பில்லில் சானிட்டரி சார்ஜ் என்று ஒன்று வருகிறதே, அது இதற்குத்தான். 1916 என்ற எண்ணுக்குப் போன் பண்ணி புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள ஆர்ஆர் நம்பர் (உங்கள் இணைப்பின் எண்) கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். மேன்ஹோல் நிரம்பியிருக்கும்போது தனியார் ஆளைக் கூப்பிட்டு உங்கள் லைனைச் சுத்தம் பண்ணச் சொன்னால் அவரும் பண்ணுவார், பணமும் வாங்கிக்கொள்வார், சாயங்காலமே திரும்ப நிரம்பிவிடும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரோட்டோரம் ஓடும் மழைநீர் மோரி, பெரிய மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவே, இவை வாட்டர் போர்டுடையவை அல்ல, மாநகராட்சியுடையவை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியான பிபிஎம்பியை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் உங்கள் ஏரியா எதில் வருகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

கிச்சன் சிங்க், பாத்ரூம் அடைப்புக்கு எவ்வளவு?

பிளம்பர் வந்து பார்ப்பதற்கே 300 முதல் 500 வரை, வேலையோடு சேர்த்து 500 முதல் 1,000. அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

சிங்க் அடைப்பில் பாதி நீங்களே தீர்க்கக்கூடியதுதான். சிங்குக்குக் கீழே பக்கெட்டை வைத்துவிட்டு பாட்டில் ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். நம் வீடுகளில் அதில் என்ன இருக்கும் என்றால் தேங்காய் நார், ஃபில்டரில் இருந்து கொட்டிய காபித்தூள் சக்கை, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிப்போன தோசை மாவு. மாவுப் பாத்திரத்தைக் கழுவி அப்படியே சிங்கில் ஊற்றுகிற பழக்கம் இருக்கும் வரை இந்த 500 ரூபாய் செலவு அவ்வப்போது வரும். பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்பில் தலைமுடியும் சோப்புத் துண்டும். ஜாலியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கப்பை எடுத்துக் கழுவினால் சரி.

டாய்லெட் அடைத்துக்கொண்டால்?

அடைப்பு பம்ப்பிலோ ஸ்பிரிங் கம்பியிலோ போய்விட்டால் 800 முதல் 2,000. உள்ளே ஏதோ விழுந்து சிக்கிக்கொண்டு, கமோடையே கழற்ற வேண்டும் என்றால் 2,500 முதல் 4,500 வரை கேட்பார்கள், அதுவும் பழைய கமோட் கழற்றும்போது விரிசல் விடாமல் இருந்தால். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "உடைஞ்சா யார் பொறுப்பு?" பெரும்பாலும் "நம்ம பொறுப்பு இல்ல சார்" என்றுதான் பதில் வரும், ஆனால் கேட்டுவிட்டால் கொஞ்சம் நிதானமாகக் கழற்றுவார். சானிட்டரி நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ் இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். ஃபிளஷ் பண்ணலாம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் பண்ணாதீர்கள்.

கடையில் விற்கிற பவுடர், ஆசிட் ஊற்றிப் பார்க்கலாமா?

பவுடர் என்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. சிங்க்கில் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஓரளவு வேலை செய்யும், முழுதாக அடைத்து நிற்கிற தண்ணீரில் போட்டால் ஒன்றும் ஆகாது, அங்கேயே கெட்டியாகப் படிந்து இன்னொரு அடைப்பாகிவிடும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ ஊற்றவே ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், எதை ஊற்றியிருந்தாலும் பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள். கையை விடப்போவது அவர்.

மெஷின் போட்டுச் சுத்தம் பண்ண எவ்வளவு?

மோட்டாரில் சுழலும் ஸ்பிரிங் மெஷின் என்றால் 1,500 முதல் 3,500. தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சும் ஜெட்டிங் என்றால் 3,500 முதல் 7,000, லாரி உங்கள் சந்துக்குள் நுழையுமா என்பதைப் பொறுத்து. பல வருஷக் கொழுப்பு பைப் சுவரில் படிந்திருக்கும்போது ஸ்பிரிங் நடுவில் ஒரு துளை மட்டும் போட்டுக்கொண்டு போகும், தண்ணீர் இறங்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைப்போம், கொஞ்ச நாளில் பழைய கதை. அந்த இடத்தில் ஜெட்டிங்தான் சரி. ஆனால் மண் பைப் போட்ட பழைய வீட்டில் அதிக அழுத்தம் கொடுத்தால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஜாயிண்ட் விட்டுப்போகலாம், ஆபரேட்டரிடம் என்ன பைப் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கேமரா விட்டுப் பார்ப்பது தேவையா? அது பணக்கார வீட்டு வேலை இல்லையா?

ஒரு முறை அடைத்துக்கொண்டதற்குத் தேவையில்லை. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைக்கிறது, அல்லது யாராவது "லைன் உள்ளே உடைஞ்சிருக்கு" என்கிறார் என்றால் கேமராவுக்கு 3,000 முதல் 8,000 கொடுப்பது வீண் செலவு இல்லை. எத்தனையாவது அடியில் என்ன இருக்கிறது என்று திரையில் நீங்களும் பார்க்கலாம். வீடியோவை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், மேஸ்திரியிடம் பேசும்போது அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

"பூரா லைனும் போச்சு சார், எல்லாத்தையும் ஒடைச்சுட்டு புதுசு போட்டுடலாம்" என்கிறார். நம்பலாமா?

உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அதைச் சொன்ன நிமிடம் "எப்படிண்ணா தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். சேம்பருக்கு சேம்பர் கம்பி விட்டுப் பார்த்தாரா, கம்பியின் நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வந்ததா, எந்த இடத்தில் தட்டுகிறது என்று அடி அளந்தாரா? கம்பி நுனியில் சிவப்பு மண் வந்தால் பைப் உடைந்து மண் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம், அது நல்ல ஆதாரம். "பழைய வீடு சார், எப்படியும் போயிருக்கும்" என்பது ஆதாரம் இல்லை.

சரி, உண்மையிலேயே மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30க்கு 40 சைட், வீட்டின் பக்கவாட்டில் மூன்று அடிச் சந்து, அதில் 40 அடி நீளத்துக்கு நாலு இஞ்ச் லைன், மூன்று சேம்பர். பைப்பும் பெண்டு, டீ போன்ற சாமான்களும் சேர்ந்து ஏறக்குறைய 6,000. மேஸ்திரிக்கு ஒரு நாளைக்கு 1,200, இரண்டு ஹெல்பர்களுக்கு ஆளுக்கு 800 என்று நாலு நாளைக்கு 11,000 சொச்சம். பிளம்பர் கூலி 3,500. மூன்று சேம்பரையும் திரும்பக் கட்ட 15,000. மணல், சிமெண்ட், ஜல்லி 5,000. சந்தில் தரையைத் திரும்பப் போட 12,000. இடிபாட்டை அள்ளிக்கொண்டு போக 3,000. கூட்டினால் 55,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். இதில் பைப்பின் பங்கைப் பாருங்கள், ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பைப்பில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டு, 40 அடியையும் தோண்ட வேண்டுமா, 8 அடி போதுமா என்று கண்டுபிடிப்பதில் மூளையைச் செலவழியுங்கள். 8 அடி மட்டும் மாற்றி ஒரு சேம்பரைப் பூசினால் 12,000 முதல் 18,000க்குள் முடிந்துவிடும்.

லைன் வீட்டுக்குள்ளேயே, ஹாலுக்கோ கிச்சனுக்கோ அடியில் போகிறது என்றால் இந்தக் கணக்கு செல்லாது. கிரானைட் தரையை வெட்டி ஒட்டுவது மட்டுமே பெரிய தொகை. அப்படிப்பட்ட வீட்டில் பழைய லைனை அப்படியே அடைத்துவிட்டு வெளிப்பக்கமாகப் புது லைன் கொண்டுபோக முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எந்தப் பைப் போடச் சொல்வது? சரிவு எவ்வளவு?

கழிவுநீருக்கும் மழைநீருக்கும் என்று வரும் எஸ்டபிள்யூஆர் பைப், ஐஎஸ் 13592 என்ற தர எண் மேலே அச்சடித்திருக்க வேண்டும். அதில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. மழைநீருக்கும் காற்றுப் பைப்புக்கும் ஏ, டாய்லெட் கழிவுக்கு பி. பி கொஞ்சம் தடிமன். மண்ணுக்கடியில் போடும்போது ஏ வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு, பைப் வந்து இறங்கியதும் எழுத்தைப் படியுங்கள்.

நாலு இஞ்ச் லைனுக்குச் சரிவு 40க்கு 1, அதாவது 40 அடிக்கு ஒரு அடி இறக்கம். ஆறு இஞ்ச் என்றால் 60க்கு 1 போதும். மண்ணை மூடுவதற்கு முன்னால் ரசமட்டத்தையோ டியூப் லெவலையோ வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் மேல் சேம்பரில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி கீழ் சேம்பருக்குத் தேங்காமல் வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் மீதிப் பணம் கொடுக்க வேண்டாம்.

சேம்பர் மட்டும் ரிப்பேர் என்றால்?

மூடி மாற்ற 700 முதல் 2,500, சிமெண்ட்டா ஃபைபரா, மேலே கார் ஏறுமா என்பதைப் பொறுத்தது. உள்ளே பூசித் தர 2,000 முதல் 3,500. முழுதாகக் கட்ட 5,000 முதல் 10,000. பூசும்போது அடியில் அரைவட்டமாக வாய்க்கால் எடுக்கச் சொல்லுங்கள். தட்டையாக விட்டுவிட்டால் மலம் அங்கேயே தங்கி மறுபடி அடைக்கும்.

மர வேர் உள்ளே புகுந்துவிட்டது. மரத்தை வெட்டிவிடலாமா?

பெங்களூரில் இது சாதாரணம். பழைய மண் பைப்பின் ஜாயிண்ட்டில் ஈரம் கசியும், வேர் அதைத் தேடி வந்து மயிர்க்கொத்து போல உள்ளே பரவிவிடும். மெஷினில் வெட்டி எடுக்க 3,000 முதல் 6,000, ஆனால் வேர் திரும்ப வரும். அந்த ஜாயிண்ட் இருக்கும் பகுதியை மட்டும் பிவிசியாக மாற்றிவிட்டால்தான் தீரும். மரத்தை வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும், அது உங்கள் காம்பவுண்டுக்குள் இருந்தாலும்தான். மரத்தை விடுங்கள், பைப்பை மாற்றுங்கள், அதுதான் செலவும் குறைவு.

கேட்டுக்கு வெளியே, மேன்ஹோல் வரைக்கும் போகும் பைப் யார் செலவு?

பொதுவாக வீட்டுக்காரர் செலவுதான். இங்கேதான் எல்லோருக்கும் அதிர்ச்சி வரும், ஏனென்றால் வேலைக்கான பணம் தனி, ரோடு வெட்ட அனுமதி வாங்கிக் கட்டும் பணம் தனி. தார் ரோடு ஒரு கணக்கு, ஒயிட் டாப்பிங் பண்ணிய கான்கிரீட் ரோடு என்றால் அது வேறு கணக்கு. "ராத்திரியோட ராத்திரியா வெட்டிப் போட்டுடலாம் சார்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பக்கத்திலேயே காவிரித் தண்ணீர் பைப்பும் கேபிளும் போகும், அதை உடைத்தால் தெருவே உங்கள் வாசலில் நிற்கும். உங்கள் தெருவுக்கு ரோடு போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அதற்கு முன்னாலேயே இந்த வேலையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மழை பெய்தால் கழிவுநீர் பாத்ரூம் வழியாக மேலே வருகிறது. ஏன்?

மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, வீடு கீழே போய்விட்டது. அதோடு தெருவில் பாதிப் பேர் மொட்டை மாடி மழைநீரைச் சாக்கடை லைனிலேயே கோத்துவிட்டிருப்பார்கள். அந்த லைன் அவ்வளவு தண்ணீருக்காகப் போட்டதில்லை. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் மேன்ஹோல் நிரம்பி, தாழ்வான வீட்டின் நானி ட்ராப் வழியாகத் தண்ணீர் வழி தேடும். ஈஜிபுரா, ஹொரமாவு சாய் லேஅவுட் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைசி சேம்பரில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு போடலாம், வால்வும் கூலியும் சேர்ந்து 6,000 முதல் 12,000 வரை. மழைக்காலத்துக்கு முன்னால் அதைத் திறந்து சுத்தம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, அந்த ஒரு மணி நேரம் வாஷிங் மெஷினைப் போடாதீர்கள். உங்கள் வீட்டு மழைநீரும் சாக்கடையில்தான் சேர்கிறதா என்று பாருங்கள், சேர்ந்தால் பிரித்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ மோரிக்கோ திருப்ப 3,000 முதல் 8,000 ஆகும்.

எங்கள் லேஅவுட்டில் பாதாளச் சாக்கடையே இல்லை. கழிவுநீர் இறங்கும் பிட்தான் (குழி).

2007இல் நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களில் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தது, சில இடங்களில் இன்னும் அப்படியே. பிட்டை உறிஞ்சி எடுக்கும் ஹனி சக்கர் லாரிக்கு ஒரு லோடுக்கு 1,500 முதல் 3,500. பிட் நிரம்புகிற வேகம் திடீரென்று கூடினால் மண் தண்ணீரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம், அல்லது மழைநீர் உள்ளே இறங்குகிறது. லாரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது தீர்வாகாது. லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்றும் கேளுங்கள், பக்கத்து ஏரியில் கொட்டினால் அந்தத் தண்ணீர்தான் நம் போர்வெல்லுக்கு வரும்.

ஒருவரை உள்ளே இறக்கிச் சுத்தம் பண்ணினால் மலிவாக முடியும் என்கிறார்களே?

கூடவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வேலைக்கு வைத்தவர் மேல்தான் வழக்கு, அதாவது வீட்டுக்காரர் மேலும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெங்களூர் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இதை அடியோடு நிறுத்தச் சொன்னது. டேங்க்கில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, "நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று இறங்கினவர் திரும்ப ஏறுவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் அப்படியே. மெஷின் வர இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் காத்திருங்கள்.

அபார்ட்மெண்ட்டில் மேல் வீட்டு பாத்ரூமில் இருந்து ஒழுகுகிறது. யார் கொடுப்பது?

ஃப்ளாட்டுக்குள் இருக்கும் பைப்பும் ட்ராப்பும் அந்த ஃப்ளாட்டுக்காரர் செலவு, ஷாஃப்ட்டில் மேலிருந்து கீழே இறங்கும் பொது லைன் அசோசியேஷன் செலவு. இதுதான் வழக்கம், உங்கள் பைலாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துவிடுங்கள். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் வேலை 6,000 முதல் 15,000, தரையை உடைத்து வாட்டர் புரூஃபிங் பண்ணி ட்ராப் மாற்றி டைல்ஸ் போட 35,000 முதல் 70,000. மேல் வீட்டுக்காரர் ஒழுகுவதைப் பார்க்கவில்லை, அவருக்கு அவசரமும் இல்லை. அதனால் சண்டைக்குப் போகாமல் அவரைக் கீழே கூப்பிட்டு காபி கொடுத்து உங்கள் சீலிங்கைக் காட்டுங்கள். நானி ட்ராப்பை அடைத்துவிட்டு மேலே கலர் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டால் ஒழுகல் தரையில் இருந்தா, தண்ணீர் பைப்பில் இருந்தா என்பது தெரிந்துவிடும்.

வாடகை வீடு என்றால்?

குடியிருப்பவர் எதையாவது போட்டு அடைத்துக்கொண்டது அவர் செலவு, பைப் உடைந்தது ஓனர் செலவு. அக்ரிமெண்ட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். உடைப்பதற்கு முன்னால் ஓனருக்கு ஃபோட்டோவோடு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழிப்பார்.

தினக்கூலியா, காண்ட்ராக்டா? அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்ட வேலைக்குக் காண்ட்ராக்ட், தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலைக்குத் தினக்கூலி. தேடுகிற வேலையைக் காண்ட்ராக்ட் பேசினால் அவர் எல்லா நஷ்டத்தையும் சேர்த்து ஒரு பெரிய தொகை சொல்லிவிடுவார், தெரிந்த வேலையைத் தினக்கூலியில் விட்டால் இரண்டு நாள் வேலை ஐந்து நாளாகும். பேசும்போது தரையைத் திரும்பப் போடுவது, இடிபாட்டை அள்ளுவது, மெட்டீரியல் யார் வாங்குவது, இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள், சண்டை வருவது எப்போதும் இந்த மூன்றில்தான். இடிபாட்டு மூட்டைகளை வாசலில் விட்டுவிட்டுப் போனால் மாநகராட்சி அபராதம் உங்களுக்குத்தான் வரும். மெட்டீரியலை நீங்களே கடையில் வாங்கிக் கொடுங்கள். கூலியில் மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ் போதும். பில்லோடு வருகிற கம்பெனி என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி, சொன்ன தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு ஆயிரமோ இரண்டாயிரமோ ஒரு வாரம் கழித்துத் தருகிறேன் என்று பேசிக்கொள்ளுங்கள், நல்ல வேலைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.